வெல்ல மண்டியில் ஒரு ருஷ்ய ஒப்பாரி

வெளிநாடு போய் வந்தவர்கள் கட்டுரை எழுதுவது வழக்கம். நானும் போய் வந்தேன். சித்தூருக்கு.

சிரிக்க வேண்டாம். என் சிறு வயதில் சித்தூர் எங்கள் ராஜ்யத்தில்தான் இருந்தது. பிறகு ஆந்திரம் தனியாகப் பிரிந்தது. பிரிந்த பிறகும் எந்த ஊர் யாருக்கு என்று பல வருஷம் இழுபறி. ஊர்வலம், கடையடைப்பு, மறியல் எல்லாம் நடந்து, கடைசியில் திருத்தணி நமக்கு, சித்தூர் அவர்களுக்கு என்று முடிந்தது. கூட்டுக் குடும்பத்தில் அண்ணனுக்கு அண்டா, தம்பிக்கு வெண்கலப் பானை என்று பிரிப்பது போலத்தான். அண்டாவோடு சேர்ந்து என் அக்கா அலமேலுவும் அந்தப் பக்கம் போய்விட்டாள்.

அக்காவின் புருஷன் ஏகாம்பர மாமாவுக்குச் சித்தூரில் வெல்ல மண்டி. அங்கிருந்து சென்னைக்கு வெல்லம் ஏற்றி வரும் லாரி டிரைவர் ஒருநாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு பொட்டலம்.

“உங்க மாமா தெனம் சாயங்காலம் அழுவுறாராம். அக்கா ஒடனே வரச் சொன்னாங்க. இந்தாங்க, வெல்லம்.”

“ஏன் அழுகிறார்?”

“அது தெரியலீங்க. இங்கிலீசு பாட்டு போட்டுக்கினு அழுவுறாராம்.”

இங்கிலீஷ் பாட்டு அல்ல என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. ஊரை விட்டுப் போன ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது மாமா அதில் ஒரு கட்டு கிராமபோன் தட்டுகளை எடுத்திருந்தார். அது ஒரு ருஷ்ய சிம்பொனி. ருஷ்யாவில் மிகவும் கெட்ட காலம் ஒன்றில், பக்கத்து வீட்டுக்காரன் திடீரென்று காணாமல் போனால் ஏன் என்று கேட்கக்கூட ஆள் இல்லாத காலத்தில், எழுதப்பட்டது. அழுகை வந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் தினமும் வருவது அதிகம்.

நான் ஓர் ஆபீசில் தலைமை குமாஸ்தா. அது போக, ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்நாட்டு இசைத்தட்டு கேட்கும் ஒரு சிறு சங்கத்துக்குச் செயலாளர். உறுப்பினர்களில் பாதிப் பேர் சந்தா மட்டும் கட்டுவார்கள். மீதிப் பாதி வந்து தூங்குவார்கள். தூங்காமல் இருப்பதற்காக ஒவ்வொரு சிம்பொனிக்கும் நான் ஒரு வழிகாட்டி எழுதி, தட்டச்சு செய்து கொடுப்பேன். இதற்கும் ஒன்று எழுதி வைத்திருந்தேன். முதல் பாகம் சண்டை, இரண்டாம் பாகம் கேலி நடனம், மூன்றாம் பாகம் துக்கம், நான்காம் பாகம் வெற்றி. அதையும் ஒரு டப்பா கிராமபோன் ஊசியையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கிளம்பினேன்.

எல்லையில் ஒரு மூங்கில் தடுப்பு. அரிசி கடத்துகிறார்களா என்று பார்க்க ஒரு போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறினார். என் பையைத் தடவி, டப்பாவைத் திறந்து, தெலுங்கில் கேட்டார். எனக்குத் தெரிந்த தெலுங்கில் அதன் பொருள் இது:

“இது என்ன?”

“ஊசி.”

“இவ்வளவு சின்ன ஊசியை வைத்து யாருக்கு என்ன தைக்கப் போகிறாய்?”

பாட்டுப் பெட்டிக்கு என்று விளக்கினேன். திருப்தியாகி இறங்கப் போனவர், என் காதருகே குனிந்து தமிழில் சொன்னார்: “தப்பா நெனச்சிக்காத சார். நானும் பக்கத்துல குடிபாலா ஊர்க்காரன்தான், தமிழன். டூட்டியில இருக்கும்போது தெலுங்குலதான் சந்தேகப்படணும்.”

அடுத்த மைலில் டயர் வெடித்தது. கண்டக்டர் மாற்று டயரை இறக்கினார். அது வெடித்து ஒரு வாரம் ஆகிறது என்று டிரைவர் சொன்னார். “அப்புறம் ஏன்யா அதைத் தூக்கிக்கினு வர்ற?” என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, “ரூல்ல ஸ்டெப்னி இருக்கணும்னுதான் போட்டிருக்குது, காத்து இருக்கணும்னு போடல” என்றார் கண்டக்டர். ராஜ்யம் மாறினாலும் பஸ் கம்பெனிகள் மாறவில்லை என்று நிம்மதியடைந்தேன்.

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “வாடா. லாரிக்காரன் வந்து இட்டாரணுமா உன்ன? ஒக்காரு, துன்னுட்டுப் பேசலாம்.”

கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல். சென்னையில் துவையல் உறைக்கும். சித்தூரில் துவையல் கேள்வி கேட்கும். ஆனால் அன்று உறைப்பே இல்லை.

“கொறச்சிட்டேன்டா” என்றாள் அக்கா. “மொளகா கண்ணெரிச்சல்னு சொல்லி ஆரம்பிச்சாரு. சரி, மொளகாயக் கொறச்சேன். அழுவ நிக்கல. மண்டியில நஷ்டமான்னு கேட்டேன், இல்ல. ஒடம்புக்கு இன்னான்னு கேட்டேன், ஒண்ணுமில்ல. கதவ சாத்திக்கினு அந்தப் பாட்டப் போடுவாரு, வெளிய வரும்போது மூஞ்சி வீங்கினு இருக்கும். பாட்டு அழ வெக்குதுங்கிறாரு. வெல்லம் விக்கிறவன் எவனாச்சும் பாட்டு கேட்டு அழுவானாடா?”

பிறகு குரலைத் தாழ்த்தினாள். “என்னக் கட்டிக்கினதுக்கு அழுவுறாரோன்னு இருக்குது. இல்ல, மனசுல வேற எவளாச்சும் இருந்து செத்துக்கித்துப் போனாளோ.”

மாமாவின் மனதில் இன்னொருத்தி இருந்தால் அவளையும் மண்டியில் வெல்லத்துக்கு எடை போட வைத்திருப்பார் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவள் இதை நினைத்து இரவெல்லாம் விழித்திருக்கிறாள் என்பது தெரிந்தது.

“ஏழுமலையானுக்கு வேண்டிக்கினு இருக்கேன்” என்றாள். “இவரு அழுவுறது நின்னா, என் முடி மொத்தமும் உனக்குன்னு.”

அக்காவின் முடியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பதைத் தாண்டியும் முழங்கால் வரை வரும். மண்டிக்கு வழி கேட்டால், “நீள ஜடை அம்மா வீட்டுக்குப் பக்கத்தில்” என்று தெலுங்கிலும் தமிழிலும் சொல்வார்கள். அவளுக்கென்று இருந்த ஒரே கர்வம் அதுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமா என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். மண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சுவரோரம் அச்சு வெல்லம் அடுக்கியிருந்தது. நடுவில் கைச்சாவி கிராமபோன். எறும்பு ஏறாமலிருக்க அதன் கால்கள் நான்கும் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. உலகத்தில் வேறெங்கும் இந்தச் சிம்பொனியை இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஐந்து தட்டு, இரண்டு பக்கமும் இசை. ஒரு பக்கம் நாலு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். எழுந்து, திருப்பிப்போட்டு, சாவி கொடுத்து, ஊசி மாற்ற வேண்டும். மாமா இதையெல்லாம் பூஜை போலச் செய்தார். முதல் பக்கம் சரியாக வந்தது. அடித்தொண்டையில் வயலின்கள் சண்டை போட்டன. நான் வழிகாட்டியில் விரலை வைத்துக்கொண்டு ‘சண்டை வலுக்கிறது’ என்ற வரிக்குக் காத்திருந்தேன். மாமா தட்டைத் திருப்பினார். பேரிகை, எக்காளம், வெற்றி முழக்கம். அடுத்த தட்டு: மறுபடி சண்டை. திருப்பினால் மறுபடி எக்காளம். இன்னொன்று: சண்டை, திருப்பினால் ஒப்பாரியின் கடைசி. என் விரல் காகிதத்தில் மேலும் கீழும் ஓடியது.

“மாமா, இது முன்னுக்குப் பின்னாக இருக்கிறதே?”

“ருஷ்யாக்காரன் அப்படித்தான் மச்சான்” என்றார் மாமா, பல வருஷம் பழகியவர் போல. “மொதல்ல கலியாணம் பண்ணிடுவான், அப்புறமாதான் பொண்ணு பாப்பான்.”

கடைசித் தட்டின் முதல் பக்கத்தில் கேலி நடனம். திருப்பிப் போட்டார். துக்கம் மெல்ல ஆரம்பித்தது. எக்காளம் இல்லை, பேரிகை இல்லை; வயலின்கள் மட்டும், யாரையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல அழுதன. அது எங்கேயோ போகப் போகிறது என்று காதைத் தீட்டிக்கொள்ளும்போது தட்டு தீர்ந்துவிட்டது. ஊசி வெறுமனே கீறிக்கொண்டிருந்தது. மாமாவின் கன்னத்தில் கண்ணீர்.

“முடிஞ்சிது” என்றார்.

முடியவில்லை என்று எனக்குத் தெரியும். தட்டுகளை எடுத்து நடுவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். முதல் தட்டின் ஒரு பக்கத்தில் ஒன்று என்று போட்டிருந்தது. மறுபக்கத்தில் பத்து. இரண்டாம் தட்டின் முதுகில் ஒன்பது.

விஷயம் இதுதான். துரையிடம் இருந்தது தானே தட்டு மாற்றும் மின்சாரப் பெட்டி. அதில் தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எல்லா முன்பக்கமும் வரிசையாகப் பாடும். பிறகு அடுக்கை அப்படியே கவிழ்த்தால் எல்லாப் பின்பக்கமும் பாடும். அந்தப் பெட்டிக்காகவே அச்சிட்ட தட்டுகள் இவை. மாமாவோ கோயில் பாட்டுத் தட்டைப் போல ஒவ்வொன்றையும் உடனுக்குடனே திருப்பிப் போட்டுவிட்டார். ஆகவே சிம்பொனியின் ஆரம்பமும் முடிவும் மாறி மாறி வந்து, நடுவில் இருக்க வேண்டிய துக்கம், அதிலும் பாதித் துக்கம், அவருக்குக் கடைசியாகிவிட்டது.

“அந்தப் பெட்டி எங்கே மாமா?”

“அத ஒரு பஸ் மொதலாளி ஏலத்துல எடுத்துக்கினு போனாரு. தட்ட யாரும் கேக்கல. கேட்பாரில்லாம கெடக்குதேன்னு நான் கேட்டேன்.”

புதன்கிழமை சாயங்காலம் சரியான வரிசையில் நானே போட்டேன். வழிகாட்டி வரிக்கு வரி பொருந்தியது. இவ்வளவு சந்தோஷம் எனக்குச் சங்கத்தில்கூடக் கிடைத்ததில்லை. துக்கம் வந்தபோது மாமா துண்டை எடுத்து வைத்துக்கொண்டார். ஆனால் துக்கம் முழுவதும் நடந்து, ஓய்ந்து, எக்காளம் கிளம்பி, பேரிகை இடி இடியென்று இடித்து முடிந்தது. மாமா துண்டை மடித்துத் தோளில் போட்டார்.

“அவ்ளோதானா மச்சான்? ஜெயிச்சிட்டானா?”

“அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.”

“அப்ப சரி. பசிக்குது.”

வெளியே வந்த மாமாவின் முகத்தை அக்கா விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். “அழலியா?”

“எதுக்கு அழணும்? அவன்தான் ஜெயிச்சிட்டானாமே. களி இருக்குதா?”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். வடக்கே திரும்பிக் கைகூப்பினாள். “கோவிந்தா.”

மற்றவர்களின் கணக்கில் பிழை கண்டுபிடிப்பதில் ஆபீசில் எனக்குப் பெயர் உண்டு. இந்தச் சின்னக் கூட்டல் அதுவரை எனக்குப் படவில்லை. அழுகையை நான் நிறுத்தினால் முடி போகும். நிறுத்திவிட்டேன்.

மாமாவுக்கு வேண்டுதலைப் பற்றி அப்போதுதான் தெரிந்தது. பதறிப்போனார். “அலமேலு, இது சாமி பண்ணல. மச்சான் தட்ட மாத்திப் போட்டாரு, அவ்ளோதான்.”

“தம்பிய யாரு அனுப்பினது?”

“லாரிக்காரன்.”

“லாரிக்காரனுக்கு யாரு சொல்லி அனுப்பினது?”

“நீதான்.”

“எனக்கு அந்தப் புத்தியக் குடுத்தது யாரு?”

மாமா என்னைப் பார்த்தார். நான் களியைப் பார்த்தேன். கடைசியில், மூன்று கற்றை மட்டும் கொடுத்தால் போதும், சுமங்கலிகள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

“பெருமாள் இவரு கண்ணுல மூணு சொட்டு மட்டுமா நிறுத்தினாரு?” என்றாள் அக்கா. “மொத்தமும்தானே நிறுத்தினாரு.”

வியாழக்கிழமை திருப்பதி பஸ். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து அழ முயன்றார். அழுகை நிற்கவில்லை என்று காட்டிவிட்டால் வேண்டுதல் பலிக்கவில்லை என்றாகிவிடும் என்பது அவர் கணக்கு. வெல்ல விலை விழுந்ததை நினைத்தார். செத்துப்போன தன் நைனாவை நினைத்தார். சந்திரகிரி தாண்டும்போது என் காதில், “அந்தப் பாட்ட கொஞ்சம் வாயால பாடேன் மச்சான்” என்று கெஞ்சினார். நூறு பேர் சேர்ந்து வாசிப்பதை நான் ஒருவன் மூக்கால் பாடினேன். முன் சீட்டுக் குழந்தை அழுதது. மாமாவுக்கு வரவில்லை.

“நடிக்காதீங்க” என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே. “கல்யாணத்தன்னிக்கே உங்களுக்கு நடிப்பு வரல.”

மலைப் பாதை பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் ‘கோவிந்தா’ சொல்ல வேண்டும். நான் என் பக்குவத்துக்கு மெல்லச் சொன்னேன். கண்டக்டர் தெலுங்கில் அதட்டியதன் பொருள்: “மெட்ராஸ் சார், வாயைத் திறந்து சொல்லுங்கள். நீங்கள் முணுமுணுத்தால் என்ஜின் இழுக்காது.” திறந்து சொன்னேன். இழுத்தது.

முடி இறக்கும் கல்யாணக் கட்டாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் தரையெல்லாம் முடி. அக்காவின் முறை வருவதற்கு முன் மாமா அவளைத் தாண்டிப் போய் நாவிதர் முன்னால் உட்கார்ந்தார்.

“நீங்க வேண்டிக்கலியே” என்றாள் அக்கா.

“தெருவுல நீ ஒருத்தி மொட்டையா நடந்தா எல்லாரும் பாப்பாங்க. ரெண்டு மொட்டைன்னா ‘திருப்பதி போய் வந்தாங்க’ன்னு போய்டுவாங்க.” பிறகு நாவிதரிடம் தெலுங்கில், “மீசையையும் எடுத்துவிடு” என்றார். அந்த மீசையை வைத்துத்தான் அவர் மண்டியில் விலை பேசுவது.

அக்கா உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். முடி தரையில் புரண்டது. நாவிதர் கத்தியை நிறுத்திவிட்டு, “அம்மா, நன்றாக யோசித்துக்கொள். இது திரும்ப வளர்ந்து வர உனக்கு வயசு போதாது” என்றார்.

“கானி” என்றாள் அக்கா. தெலுங்கில் ‘ஆகட்டும்’ என்று அர்த்தம்.

தண்ணீர் தெளித்த முடி விழும்போது ஈரத் துணி விழுகிற சத்தம் கேட்டது. நான் வேறு பக்கம் பார்த்தேன். மாமாவும் வேறு பக்கம் பார்த்தார். அக்கா மட்டும் குனிந்து விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு பார்த்தவர்களெல்லாம் அவளைச் சிரிக்கச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாராயணவனத்துக்காரி, “வேண்டுதல் தீந்துச்சில்ல, சிரிம்மா” என்றாள். தரிசன வரிசையில் ஒருத்தி, பஸ்ஸில் ஒருத்தி. “மூஞ்சி களையாத்தான் இருக்குது, சந்தோசமா இரு.” அக்கா எல்லாரிடமும் சிரித்தாள். புளியோதரை தின்னும்போதும், லட்டைப் பிட்டு எனக்குத் தந்தபோதும் சிரித்தாள். இறங்கும் பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் எங்களைவிடச் சத்தமாக ‘கோவிந்தா’ போட்டாள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. நான் நினைத்த அளவுக்கு முடி அவளுக்குப் பெரிதில்லை போலும் என்று டயரியில் எழுதிவைத்தேன்.

அக்காவின் சந்தேகத்தை நான் மாமாவிடம் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் அந்த அறைக் கதவைச் சாத்தவில்லை. “நீயும் வந்து கேளு அலமேலு. எவளும் இல்லன்னு உனக்கே தெரியட்டும்.”

அக்கா தலையில் சந்தனத்தோடு, இல்லாத கொண்டையைச் சரிசெய்ய இரண்டு முறை கையைத் தூக்கி இறக்கிக்கொண்டு, வெல்ல அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் சரியான வரிசையில் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் வழிகாட்டியைப் படித்தேன்.

சண்டைக்கு, “பாகம் பிரிக்கிறாங்க. எல்லைத் தகராறா?” என்றாள். கேலி நடனத்துக்குச் சிரித்தாள். “கூத்துல கட்டியங்காரன் குடிச்சிட்டு வந்த மாதிரி கீது.” இனி துக்கம் என்று எச்சரித்தேன். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவளோ மண்டையில் சந்தனம் காய்ந்து இழுத்த இடத்தைச் சொறிந்தபடி, “ஒப்பாரிதானே? நல்லாத்தான் அழுவுறாங்க. எங்க பக்கத்துல இதுக்கு மேலயே அழுவாங்க” என்றாள். “இதுக்கா இத்தினி நாளு மூஞ்சிய வீக்கிக்கினு இருந்தீங்க?”

“இனிமேல் பயமில்லை அக்கா” என்று ஒன்பதாம் பக்கத்தைப் போட்டேன். “நான்காம் பாகம், வெற்றி. எல்லாத் துன்பமும் தீர்ந்து மகிழ்ச்சி பொங்குகிறது.”

எக்காளம் கிளம்பியது. பேரிகை இடித்தது. பத்தாம் பக்கத்தில் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்ப, ஆணி அடிப்பதுபோல அடித்தார்கள். நான் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு விசும்பல். மாமாதான் என்று திரும்பினேன். மாமா வாயைத் திறந்தபடி அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, இது சந்தோஷமான இடம்.”

“போடா” என்றாள். “சிரி சிரின்னு அடிச்சிக்கினே கீறானுங்க. பாவம், அழுதுக்கினு இருந்தவனைச் சித்த அழுவ வுடக் கூடாதா?”

அப்புறம் அவள் கை தலைக்குப் போனது. இந்தத் தடவை இறங்கவில்லை. தட்டு தீர்ந்து ஊசி கீறத் தொடங்கியது. யாரும் எழுந்து நிறுத்தவில்லை. நான் வழிகாட்டியில் நான்காம் பாகத்துக்கு நேரே இருந்த வரியைப் பேனாவால் அடித்தேன். பக்கத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

மாமா என் பக்கம் நகர்ந்து வந்தார். ஒரு கையால் மொட்டைத் தலையையும், பிறகு மீசை இருந்த இடத்தையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“மச்சான், இப்ப இவ அழுவுறாளே” என்றார் ரகசியமாக. “நான் எதைக் குடுக்கிறேன்னு வேண்டிக்கிறது?”